பூஜையில் வைத்த கணினி

"சரஸ்வதி பூஜை. காலை பத்தரை. கணினியை அணைத்து, துடைத்து, பூஜையில் வைத்தது."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு உள்ள முதல் வரி இது. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த நாள், எங்கள் தெருவில் மின்சாரம் போய்த் திரும்பிய நேரம் என்று எதையாவது குறித்து வைப்பது என் வழக்கம். ஆனால் அந்தப் பத்தரையைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேனா, பூஜை முடிந்த பிறகு உத்தேசமாக எழுதினேனா என்று எனக்கு நினைவில்லை. அன்று பிற்பகல் என் தங்கையின் குரல் இருக்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

தங்கை கைலாசபுரத்தில் இருக்கிறாள். அவள் கணவர் அங்குள்ள தொழிற்சாலையில் பொறியாளர். தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக அவளுடைய குரல்வளையை எடுக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அவளை வாக்கியங்களாகப் படித்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். அந்தப் பதிவுகளை வைத்து ஒரு மென்பொருள் அவள் குரலை உருவாக்கும். அதன் பிறகு அவள் போனில் தட்டச்சு செய்வதை, போன் அவள் குரலிலேயே பேசும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் படித்தாள். ஒவ்வொரு நாள் பதிவுக்கும் தேதியிட்டுக் கோப்புறை போட்டேன். எல்லாம் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், பகிர்ந்த ஒரே கோப்புறைக்குள் இருந்தன. என் கணினியில் ஒன்று, மாப்பிள்ளையின் மடிக்கணினியில் ஒன்று, மேலே கிளவுடில் ஒன்று என்று மூன்று பிரதிகள் இருப்பதாக நிம்மதியாக இருந்தேன். அறுவை சிகிச்சை நடந்தது. இனி அவளால் ஒரு வாக்கியத்தையும் திரும்பப் படிக்க முடியாது.

பூஜையன்று பிற்பகல் மாப்பிள்ளை போன் செய்தார். பதிவுகளுக்காக அனுப்பிய இணைப்பைப் பயிற்சியாளர் திறந்து பார்த்துவிட்டு, கோப்புறை காலியாக இருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தாராம்.

"மச்சான், அந்த ஃபோல்டர் உங்ககிட்ட இருக்குல்ல?"

எதற்குக் கேட்கிறார் என்று கேட்டேன். பிறகு சொன்னார். ஒரு வாரமாகவே அவருடைய மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று கிளவுடோடு ஒத்துப்போகும் சிங்க் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது; மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. அவர்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு முன் ஒவ்வொரு இயந்திரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பழைய சாமானை வெளியே தள்ளிவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். அதே சுத்தத்தை அவர் வீட்டிலும் செய்தார். மேலேதான் பத்திரமாக இருக்கிறதே என்று மடிக்கணினியிலிருந்த கோப்புறையை நீக்கினார். பூஜை நாளில் குப்பை தங்கக்கூடாது என்று மடிக்கணினியின் குப்பைத் தொட்டியைக் காலி செய்தார். அதோடு விட்டிருக்கலாம். கிளவுடின் பக்கத்துக்கே போய் அங்கிருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தார்.

நான் மூன்று பிரதி என்று நினைத்திருந்தது உண்மையில் ஒன்றுதான். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழிய வேண்டும், அதற்குப் பெயர்தான் சிங்க். மீதி இருந்தால் என் கணினியில் இருக்க வேண்டும். அதுவும் அவர் அழிப்பதற்கு முன்னால் நான் அணைத்திருந்தால்தான்.

எத்தனை மணிக்கு அழித்தீர்கள் என்று கேட்டேன். இட்லி சாப்பிட்ட பிறகு, தொழிற்சாலைப் பூஜைக்குக் கிளம்பும் முன் என்றார். பத்து இருக்கலாம், பதினொன்றுக்குப் பக்கமாகவும் இருக்கலாம்.

இருவரும் காரில் வந்து சேர்ந்தார்கள். தங்கை கழுத்தில் பருத்தித் துணியைச் சுற்றியிருந்தாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிய வேகத்தில் பூஜை அலமாரியை நோக்கிப் போனார். கணினிப் பெட்டி அங்கே சந்தனம், குங்குமத்தோடு, மேலே புத்தகங்களும் சரம் பூவும் வைத்தபடி இருந்தது. நான் குறுக்கே நின்றேன். அந்தப் பெட்டி உயிர் பெற்றதும் தானாக வைஃபையைப் பிடிக்கும். மேலே கேட்கும். மேலே இல்லை என்று பதில் வந்தால் தன்னிடம் இருப்பதையும் அழித்துவிடும். அப்படி அழிந்தது கணினியின் குப்பைத் தொட்டியில் கிடைக்கக்கூடும் என்று போனில் தேடியபோது சிலர் எழுதியிருந்தார்கள். அதை நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை.

"நெட்டைப் புடுங்கிட்டுப் போட்டா ஆச்சு, மச்சான். இப்பவே பாத்துடுவோம்."

"இருங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவைதான் தப்பு பண்ண முடியும். அதை நீங்க காலையிலேயே பண்ணிட்டீங்க."

சொல்லியிருக்க வேண்டாம். அவர் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி சுண்டல் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்தாள், அவர் தொடவில்லை. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் இந்த நேரத்தில் அவள் அதைப் பேசவில்லை. "நாத்தனார் என்ன சொல்றாங்களோ அதான்" என்று மட்டும் சொன்னாள்.

தங்கை போனில் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினாள். "நாளைக்கே பாக்கலாம் அண்ணே. இன்னிக்கு இருக்குன்னு நினைச்சுக்கறேன்."

அன்று அவர்கள் இங்கேயே தங்கினார்கள்.

விஜயதசமி காலை மனைவி கற்பூரம் காட்டி, பெட்டியை வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள். அத்துடன் பூஜை முடிந்தது. நான் வைஃபை பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி, அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். என் போன், மாப்பிள்ளை போன், மனைவி போன் மூன்றையும் அணைத்தோம். திரையை இணைத்தேன். பொத்தானில் சந்தனம் காய்ந்திருந்தது. அழுத்தினேன்.

திரை வந்தது. கோப்புறையைத் திறக்கக் கையை வைத்தபோது, வலது மூலையில் இணைய அடையாளம் எரிவதைப் பார்த்தேன். ஏதோ ஒரு வலைக்குள் கணினி போய்விட்டது.

"யாரு போன்?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே மேசைக்கடியில் குனிந்து மின் இணைப்பை இழுத்துவிட்டேன். திரை கறுத்தது.

தங்கையின் போன். பதிவு செய்த நாட்களில் ஒருமுறை மின்சாரம் போனபோது, இன்வெர்ட்டரில் ஓடிய கணினிக்கு அவள் போனிலிருந்துதான் ஹாட்ஸ்பாட் கொடுத்தோம். கணினி அதை மறக்கவில்லை. முந்தைய நாள் கிளம்பும் முன் மாப்பிள்ளையின் மடிக்கணினிக்காகப் போட்ட ஹாட்ஸ்பாட்டை அவளும் அணைக்கவில்லை. எல்லார் போனையும் கேட்டு வாங்கிய எனக்கு அவளுடையதைக் கேட்கத் தோன்றவேயில்லை. அவள் பேசுவது அதில்தான்.

அவளே அதை அணைத்து என் மனைவியிடம் கொடுத்தாள். அதன் பிறகு சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அழுத்தினேன். திடீரென்று அணைத்ததால் கணினி தன்னைச் சோதித்துக்கொண்டு மெல்ல வந்தது. மூலையில் இணையம் இல்லை. சிங்க் நிரலை முழுவதுமாக நிறுத்தினேன். அதன் பிறகுதான் கோப்புறையைத் திறந்தேன்.

தேதி வரிசையில் எல்லாக் கோப்புறைகளும் இருந்தன.

இருந்தும் நம்பவில்லை. கணினியில் இடம் மிச்சம் பிடிக்க, சில கோப்புகளைப் பெயராக மட்டும் காட்டி, உள்ளடக்கத்தை மேலேயே வைத்திருக்கும் வசதி ஒன்று உண்டு. அப்படிப்பட்டவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேகப் படம் இருக்கும். உண்மையிலேயே உள்ளே இருப்பவற்றுக்குப் பச்சை டிக். ஒவ்வொரு கோப்புறையாகக் கீழே இறங்கினேன். பச்சை, பச்சை, பச்சை. மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பச்சை இருந்த எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். இன்னொரு பென்டிரைவிலும் எடுத்தேன். பிறகு ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, துணியை எடுத்துடுங்க" என்றது தங்கையின் குரல்.

மாப்பிள்ளை கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வர நேரமாயிற்று.

சில வாரங்கள் கழித்து அந்தக் குரல் அவள் போனுக்குள் வந்தது. கொஞ்சம் தட்டையான, அவசரமில்லாத குரல், ஆனால் அவளுடையதுதான். முதலில் என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். கணவரைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தாள்.

"குப்பையெல்லாம் கொட்டியாச்சா?"

"இனிமே வீட்டைக்கூடப் பெருக்க மாட்டேம்மா" என்றார் அவர்.

ஒரு கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், கைலாசபுரத்தில், அவள் தனியாக மடிக்கணினியில் பதிவு செய்தது. என் கணினியில் நான் அதைத் திறந்ததேயில்லை; அதற்குப் பக்கத்தில் மட்டும் பச்சைக்குப் பதில் மேகப் படம்தான் இருந்தது. பெயரும் தேதியும் அளவும் மட்டுமே. மற்ற பதிவுகள் எல்லாவற்றையும்விட அது நீளமானது. அவளைக் கேட்டால், "பாத்திரம் கழுவுற சத்தந்தான் இருக்கும், அணைக்க மறந்துட்டேன்" என்று புதிய குரலில் சொல்கிறாள். அது தனக்காகப் பேசி வைத்தது என்று மாப்பிள்ளை நினைக்கிறார். அவளிடம் அவர் இதுவரை கேட்டதில்லை. சேவை நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். தானாக வரும் பதில்தான் வந்தது. அந்தக் கோப்பு அவர்களுடைய சேமிப்பில் எங்காவது மிஞ்சியிருக்கிறதா, அதில் இருந்தது பேச்சா பாத்திரச் சத்தமா என்பது, இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.