பழைய டெர்மினலில் அக்கா

சென்னையில் இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் எங்கள் தங்கச்சி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை உள்ளுக்கை கொண்டுபோகேக்கை நீங்கள் ரெண்டுபேரும் வாசல்லை நிக்கவேணும்." போர்க்காலத்தில் அவள் படகேறி இந்தியாவுக்குப் போனாள். நானும் அக்காவும் நோர்வேக்கு வந்தோம். மூன்று பேரும் ஒரு வாசலில் ஒன்றாக நின்று பதினெட்டு வருடங்களாகியிருந்தன.

அக்கா ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் என் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறாள். பாடசாலைகளில் நிலம் துடைத்துத் துடைத்தே அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. என்னிடம் நோர்வே பாஸ்போர்ட் இருக்கிறது. அக்கா மொழித் தேர்வில் இரண்டு தடவை தவறி, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவளிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது. மற்ற நாடுகளுக்கு விசா இருந்தால் போகலாம். இந்திய விசா கிடைத்த அன்று, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினாள்.

ஒஸ்லோவில் காலையில் ஏறி, நடுவில் ஒரு நகரத்தில் விமானம் மாறவேண்டும். மாறுவதற்கு இரண்டரை மணித்தியாலம் இருந்தது. ஒஸ்லோ விமான நிலையத்தில் எங்களைப் பதிந்தவள் இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. அக்காவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன்.

"ருல்லஸ்தூல் போட்டிருக்கு அன்ரி," என்றாள். சக்கர நாற்காலிக்கு அவள் வாயில் வந்தது நோர்வேஜியச் சொல்தான். "அங்கை இறங்கினவுடனை அவையே கூட்டிக்கொண்டு போவினம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

கூட்டிக்கொண்டுதான் போனார்கள், பழைய டெர்மினலுக்கு. நாற்காலியைத் தள்ளி வந்தவர் தன் தாளில் இருந்தபடி எங்களை விமானம் ஏறும் ஒரு வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே ஒரு மனிதர்கூட இல்லை. மூடிக் கிடந்த மேசைக்கு மேலே, பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் பெரிய படம். அதன் கீழே எழுதியிருந்தபடி, விமான நிறுவனம் நான்கு நாட்களுக்கு முன் புதிய டெர்மினலுக்கு மாறிவிட்டதாம். அங்கே இன்னும் வசதியான பயண அனுபவம் எங்களுக்காகக் காத்திருக்கிறதாம். எங்கள் டிக்கெட்டில் அச்சிட்டிருந்ததோ பழைய டெர்மினலின் எண்.

நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். புதிய டெர்மினலுக்குப் போக வேண்டுமென்றால் குடிவரவைத் தாண்டி வெளியே போய், ரயில் ஏறி, மறுபடியும் உள்ளே வரவேண்டும். குடிவரவு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருப்பித் தந்தார். அக்காவின் பத்திரத்தை விரித்துக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நீங்கள் போகலாம். இவர் போக முடியாது. இவருக்கு இந்த நாட்டு விசா வேண்டும்."

"நாங்கள் உங்கள் நாட்டுக்கு வரவில்லை. அடுத்த கட்டடத்துக்குத்தான் போகிறோம்."

"அடுத்த கட்டடத்துக்கு வழி எங்கள் நாட்டுக்குள்ளால்தான்," என்றார். அவர் குரலை உயர்த்தவேயில்லை. என் குரல்தான் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ போ. ஒராளாவது அங்கை நிக்கவேணும்."

"உன்னை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"நான் என்ன குழந்தையே? போவன். நேரம் போகுது."

போனேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. ரயிலில் நின்று, பாதுகாப்புச் சோதனையில் சப்பாத்தைக் கழற்றி, மாட்டி, மூச்சு வாங்க வாசலுக்கு ஓடினேன். கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் இன்னும் நின்றது. ஏற்ற முடியாது என்று அங்கே நின்ற பெண் சொன்னாள். அது அசைந்து பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, அக்காவிடமாவது திரும்பிப் போவோம் என்றால், அதற்கும் வழியில்லை. பழைய டெர்மினலிலிருந்து புறப்படும் டிக்கெட் இருந்தால்தான் அங்கே உள்ளே விடுவார்கள். என்னிடம் இருந்தது போய்விட்ட விமானத்தின் டிக்கெட். உதவி மேசையில் வரிசை சுவர்வரை நீண்டிருந்தது. எங்களைப் போல் ஏமாந்தவர்கள்தான் எல்லோரும். தொலைபேசியில் அக்காவைப் பிடித்தேன்.

"இஞ்சைதான் இருக்கிறன். நீ சாப்பிட்டனியே?" என்றாள். மருந்துப் பை என் தோளில் தொங்கியது. அவள் மத்தியானக் குளிசை போட்டிருக்கவில்லை.

மூன்று மணித்தியாலம் கழித்து என் முறை வந்தது. அடுத்த நாள் விமானத்தில் இரண்டு இருக்கை போட்டார்கள். அக்காவைப் பற்றிச் சொன்னதும் மேசையில் இருந்தவர் தொலைபேசியை எடுத்து இரண்டு வசனம் பேசினார். அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் அக்காவைக் கொண்டுவந்து என் முன்னால் விட்டார்கள். ஊழியர்களுக்கென்று இரண்டு டெர்மினலுக்கும் இடையில், ஓடுபாதைப் பக்கமாக, ஒரு வான் ஓடுகிறதாம். குடிவரவு இல்லை, விசா இல்லை, ரயில் இல்லை.

"நாங்கள் வந்து இறங்கியபோதும் அந்த வான் ஓடியதா?" என்று கேட்டேன்.

"ஓடியது. யாரும் கேட்கவில்லையே," என்றார்.

நான் அன்று சத்தம் போட்டதைப்போல் என் வாழ்க்கையில் போட்டதில்லை. தமிழில் போட்டேன். அக்கா குளிசையை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

தங்கச்சியைத் தனியாகத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்திருந்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார் டாக்டர். அவள் உதடு அசைந்தது. "ஏன் பிந்தினனீங்கள்?"

"பிளேன் பிந்திப்போச்சு," என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னாள். பிளேன் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பி விமான நிறுவனத்துக்கு எழுதினேன். இடமாற்றத்தைப் பற்றி எல்லாப் பயணிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம் என்று பதில் வந்தது. தேடிப் பார்த்தேன். விளம்பரங்களோடு விளம்பரமாக அது கிடந்தது. தலைப்பில் டெர்மினல் என்ற சொல்லே இல்லை. நல்ல செய்தி ஒன்று இருப்பதாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பயணப் பத்திரம் பற்றிய இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"அதை எழுதாதை. பிறகு இஞ்சை எனக்கு ஏதும் பிரச்சினை வரும்."

"நீ என்ன களவெடுத்தனியே? அவங்கள் செய்த பிழைக்கு நீ ஏன் பயப்பிடுறாய்?"

"எனக்கு உன்னைப்போலை பாஸ்போர்ட் இல்லை," என்றாள்.

அந்த வரியை எடுக்காமலே அனுப்பினேன். அக்கா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நிறுவனமும் இன்னும் பதில் போடவில்லை.