பஸ்ஸில் பேசாத நாடு

1. தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். அங்கே கியர் செய்யும் நிறுவனம் ஒன்று எனக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியது.
2. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.
3. அம்மா கேட்ட முதல் கேள்வி, அங்கே சமையலறை பெரிதாக இருக்குமா என்பது. இருக்கும் என்றேன்.
4. விசாரித்தால், அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்று வெறும் அறைதான் இருக்குமாம். மேடை, தொட்டி, அடுப்பு எதுவும் இருக்காது. காலி செய்கிறவர்கள் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள்.
5. அதன்பிறகு அந்த நாட்டைப் பற்றி நான் நம்பியிருந்த எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

சரிபார்ப்பதுதான் என் வேலை. ஓசூரில் குடியிருக்கிறோம். அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அளவு வரம்புக்குள் இருந்தால் ஓகே, வெளியே போனால் ரிஜெக்ட். ஒரு நாட்டையும் அப்படிப் பார்த்துவிடலாம் என்று நினைத்து, ஒரு தாளில் ஓகே, ரிஜெக்ட் என்று இரண்டு பத்தி போட்டு எழுதத் தொடங்கினேன். எழுதிய ஒவ்வொன்றும் இரண்டு பத்திக்கும் பொருந்தியது.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நல்லது. ஆனால் வீடு கிடைக்க வேண்டுமே. வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்பார். சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க, நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்த தாளைப் பல வங்கிகள் கேட்கும். விலாசம் வேண்டுமென்றால் வீடு வேண்டும். இதை இன்னொரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தேன். கடைசி அம்பு முதல் கட்டத்துக்கே வந்து சேர்ந்தது. அப்படியும் வருஷா வருஷம் ஆட்கள் போய்க் குடியேறுகிறார்கள். எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ கறி?"

"சனிக்கிழமையே வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சுக்கணும்."

"பழைய கறி திங்கவா பாப்பா இவ்ளோ தூரம் போற?"

அப்பா ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏலம் விடுகிறவர். நாளெல்லாம் கத்திவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். வீடியோ நேர்காணலில் என்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருப்பது அவர் பெயர். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அடுத்த அறையிலிருந்து துண்டோடு வந்து நின்றார். "என்னையா கேக்கறாங்க?" நான் கேமராவைப் பார்த்தபடியே கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னேன். அங்கே போனால் ஆபீஸில் எல்லோரும் தன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்ததா, சங்கடமாக இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வளவு குழப்பத்திலும் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பயிற்சிக் காலம் முடிவதற்குள் வேலைக்குத் தேவையான அளவு ஜெர்மன் பேச வேண்டும், இல்லையென்றால் வேலை நிரந்தரமாகாது என்று கடிதத்தில் இருந்தது. என் பத்தித் தாளில் அதற்கு எதிரே "பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தேன். வகுப்பில் சேரவில்லை. ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை.

எங்கள் ஊரில் யாரும் பாஷை கற்றுக்கொள்ளப் போவதில்லை. அது தானாக வரும். பக்கத்து வீட்டிலிருந்து தெலுங்கு வந்தது. கன்னடம் கம்பெனி பஸ்ஸில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து சீட்டில் பேக்கிங் பிரிவு அக்கா உட்காருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "ஊட்டா ஆய்த்தா", அதாவது சாப்பிட்டாயா, என்று கேட்பதில் ஆரம்பித்தார். நான் தப்பாகப் பதில் சொன்னால் முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திருத்துவார்கள், பின்சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நான் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டேன். ஜெர்மனும் அப்படித்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

காவேரிப்பட்டினத்துக்காரரான இன்னொரு அக்கா, முன்பு எங்கள் பிரிவில் பக்கத்து மெஷினில் இருந்தவர், சில வருஷமாக அந்த நாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். சமையலறை, விலாசம் எல்லாம் கேட்டு முடித்தபின், பாஷை பஸ்ஸில் வந்துவிடும் இல்லையா என்றேன்.

"எந்த பஸ்ல?"

"வேலைக்குப் போற பஸ்லதான்."

"இங்க பஸ்ல யாரும் பேச மாட்டாங்கடி. நாம போன்ல சத்தமாப் பேசினாலே திரும்பிப் பார்ப்பாங்க."

"அப்போ எங்கதான் பேசுவாங்க?"

"அதத்தான் நானும் வந்ததிலிருந்து தேடிட்டிருக்கேன்."

தப்பாகப் பேசினால் திருத்துவார்களா என்று கேட்டேன்.

"உடனே இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. நல்ல மனசுலதான். ஆனா நமக்குப் பாஷை வராது. நான் ராத்திரி வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, ஃபெயிலாகி, மறுபடி எழுதினேன். நீ அங்கயே படிச்சுட்டு வா. வந்து கத்துக்கலாம்னு இருக்காத."

போனை வைத்தபின் பத்தித் தாளை எடுத்து, "பிரச்சினை இல்லை" என்பதை அடித்தேன். நான் நிச்சயம் என்று வைத்திருந்த ஒரே விஷயம்தான் ரிஜெக்ட். புத்தகம் வைத்து ஒரு பாஷை படிக்க எனக்கு வருமா? எனக்குத் தெரிந்த மூன்று பாஷைகளில் தமிழைத் தவிர வேறெதையும் நான் எழுதிப் பார்த்ததே இல்லை. இங்கிலீஷைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை எழுத வரும், பேசினால் நேர்காணல் அளவுக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் பேக்கிங் அக்காவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பேசாமப் போறதுக்கு பஸ் எதுக்கு மேடம்? நடந்தே போலாமே."

மேடம் என்பது கேலிக்கு.

"அங்க அப்படித்தானாம்க்கா."

"செத்த வீட்டுக்குப் போற பஸ்ல கூட நாங்க பேசுவோம்."

முன்சீட்டில் ஒருவர், பேசாத பஸ் என்றால் தூங்கலாம், தனக்கும் ஒரு டிக்கெட் போடு என்றார். மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி தாண்டும் வரை அதே பேச்சு. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே மட்டும், இந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பதில் எழுதினேன். வேலையை ஒப்புக்கொள்கிறேன், ஜெர்மன் மொழியின் முதல் நிலைப் பரீட்சையை இங்கே முடித்துவிட்டு வர அனுமதி வேண்டும், சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். சரி என்று எழுதும்போதும் சரிதானா என்று தெரியவில்லை. முடியாது என்று பதில் வந்தால் நிம்மதியாக இருக்குமோ என்றும் நினைத்தேன். மறுநாளே, தள்ளிவைக்கலாம், தேர்ச்சிச் சான்றிதழை அனுப்புங்கள் என்று வந்தது.

இணைய வழி வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் உட்கார்ந்து படித்தால் மனதில் நிற்கவில்லை. அதனால் பாடத்தைப் பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்கிறேன். பேக்கிங் அக்கா தப்பும் சரியும் தெரியாமலே திருத்துகிறார். எண்கள் என்னைவிட அவருக்கு வேகமாக வருகின்றன.

இப்போதைய நிலை இதுதான். பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். தேர்ச்சி பெற்றால்தான் விசாவுக்கு விண்ணப்பம். வீடு பார்க்கவில்லை. சமையலறை சங்கதியை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்; கழற்றிக்கொண்டு போனவர்கள் அதை எங்கே மாட்டுவார்கள் என்று தினமும் கேட்கிறார்.