ஒருத்தி குளித்த தண்ணீர்

வளர்மதியின் வீடு செஞ்சியில், கோட்டை இருக்கிற கிருஷ்ணகிரி மலையைப் பார்த்த தெருவில் இருக்கிறது. கொல்லையில் கடப்பாரை போட்டால் ஒரு முழத்துக்குக் கீழே பாறை இடிக்கும். கிணற்றுக்கு வழியில்லை. அங்கே தோட்டம் போட்டது அவள் கணவர் தாண்டவராயன். கொத்தனார் வேலை பார்த்தவர். குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் விளக்கும் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் வந்து, ஜல்லியும் மணலும் அடுப்புக்கரியும் கொட்டிய குழியில் வடிந்து, கல்வாழையின் வேரைத் தாண்டி வாழைக்கும் பப்பாளிக்கும் போகிற மாதிரி அமைத்திருந்தார்.

அப்போது வீட்டில் நாலு பேர். மகன் எழிலன் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு குளிப்பான். மகள் சுமலதாவுக்குத் தலை அலசவே ஒரு தொட்டி வேண்டும். கோடையிலும் வாழை குலை தள்ளியது. மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து தின்றது போகத்தான் வீட்டுக்கு.

சுமலதா கல்யாணமாகி ஆரணிக்குப் போனாள். எழிலன் ஏசி மெக்கானிக்காக மஸ்கட் போனான். போன தை மாதம் தாண்டவராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு வளர்மதி மட்டும் மிஞ்சினாள்.

சித்திரை பிறந்ததும் வாழையின் குருத்து விரியாமல் சுருண்டு நின்றது. நோய் என்று நினைத்து மருந்து வாங்கி வந்து அடித்தாள். கேட்கவில்லை. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து வாய்க்காலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவள் குளித்த தண்ணீர் குழியின் ஜல்லியை நனைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிய தண்ணீர் அதுவரைகூட வரவில்லை. குழாயில் வருகிற நல்ல தண்ணீரைச் செடிக்குத் திறந்துவிட அவளுக்குக் கை வரவில்லை. அவர் இருந்தவரை அதற்கு விட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் இன்னொரு தடவை குளித்தாள். மறுநாள், பரணில் இருந்த பெரிய பாத்திரங்களை இறக்கி விளக்கினாள். அதுவும் தீர்ந்ததும் பீரோவைத் திறந்து எழிலன் விட்டுப்போன சட்டைகளை எடுத்தாள். மடிப்புக் கலையாத சட்டைகள். அவற்றை நனைத்து, சோப்புப் போட்டு, வாய்க்கால் ஓரக் கல்லில் அடித்து, அலசிக் கொடியில் போட்டாள். அடுத்து அவருடைய வேட்டிகள். காய்ந்ததும் மடித்து வைப்பாள், இரண்டு நாள் கழித்து மறுபடி எடுப்பாள். துவைக்கும்போது மட்டும் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. மடிக்கும்போது அது போய்விடும்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரூபினா மதில் பக்கம் வந்து நின்றாள். கைக்குழந்தை, ஓடுகிற பிள்ளைகள், மாமனார் மாமியார் என்று நிறைந்த வீடு.

"இன்னாம்மா, புள்ள ஊர்லேந்து வந்துக்குதா? ஒரு வாரமா ஆம்பள சட்டையா காயுதே."

"யாரும் வரலம்மா."

"பின்ன யாருக்குத் தோய்க்கிறீங்க?"

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வளர்மதிக்கு வாயில் உண்மைதான் வந்தது. "வாழைக்குத் தண்ணி பத்தல. நான் ஒருத்தி குளிச்சா எவ்ளோ வரும்?"

ரூபினா கொடியைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று வளர்மதி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுத் தண்ணி ரோட்லதான ஓடுது. எதிர்வீட்டுல தினம் திட்றாங்க. இந்தப் பக்கம் திருப்பிக்கலாம்மா" என்றாள் மெதுவாக.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த அவள் கணவன் ஃபர்தீன் மதிலில் துளை போட்டுக் குழாயைத் திருப்பிவிட்டான். முதலில் வந்த தண்ணீரில் சோப்புத்தூள் காரம் ஏறி, பப்பாளி இலையின் ஓரம் கருகியது. வளர்மதி தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னாள். அதன்பின் துணி துவைத்த தண்ணீரை மட்டும் அவர்கள் பழைய வழியில் விட்டார்கள்.

ஆடியில் குருத்து விரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற வேளை வளர்மதிக்குத் தெரியும். வாய்க்காலில் வெதுவெதுப்பாக, பவுடர் வாசனையோடு தண்ணீர் வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் கேட்கும். மண்வெட்டியோடு நின்று கேட்பாள். ரூபினா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள்தான். அவ்வளவு பேருக்கு நடுவில் தான் எங்கே உட்காருவது என்று தெரியாமல், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குலை தள்ளியதும் எழிலனுக்கு வீடியோ கால் போட்டாள். காட்டச் சொன்னான். போனைத் திருப்பிப் பூவைக் காட்டினாள், சீப்பு சீப்பாகக் காட்டினாள், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நல்லாக்குதும்மா. சூப்பர்வைசர் வராரு, அப்புறம் பண்றேன்."

அவன் வைத்துவிட்டது தெரிந்த பிறகும், கொஞ்ச நேரம் அவள் போனைக் குலைப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றாள்.