தன் வகுப்பில் தன் மகள்

டீச்சரம்மாவுக்குக் கோடை விடுமுறை என்றாலே ஆகாது. பள்ளிக்கூடம் மூடும், அவள் வேலை மூடாது. அவள் நான்காம் வகுப்பு எடுக்கிற தனியார் பள்ளியில், விடுமுறையில் ஆசிரியர்கள் பிள்ளை பிடிக்கப் போக வேண்டும் என்பது சட்டம். இருவர் இருவராக, வழவழப்பான நோட்டீஸ் கட்டோடு, வெயிலில் வீடு வீடாகப் படியேறி, உங்கள் குழந்தையை எங்களிடம் சேருங்கள் என்று பல்லைக் காட்ட வேண்டும். இதற்கா மாங்கு மாங்கென்று படித்துப் பட்டம் வாங்கினேன் என்று அவள் புலம்புவாள். அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தானும் வீடு வீடாகப் படியேறுகிறவன்தான், ஆனால் தன்னை அவர்களாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார்.

அந்த வருடம் ஒரு வீட்டில் வசமாக மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரப் பெண் கம்ப்யூட்டர் அறை, நடனம், நீச்சல் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி டீச்சர், உங்க பொண்ணு எங்கே படிக்குது?" என்றாள். டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள், பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த புண்ணியவதி ஒருத்தி, டீச்சரின் மகள் தன் மகனோடு கவர்மென்ட் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று போட்டு உடைத்தாள். நோட்டீஸ் மரியாதையாகத் திரும்பி வந்தது. கூட வந்திருந்த பாட்டு டீச்சருக்கு ஓட்டை வாய். சாயங்காலத்துக்குள் விஷயம் தாளாளர் காதுக்குப் போய்விட்டது.

தாளாளர் கத்துகிற ஆள் இல்லை, கத்தினால்கூடத் தேவலாம். உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சமையல்காரரே பக்கத்துக் கடையில போய்ச் சாப்பிட்டா, நம்ம கடைக்கு யாரும்மா வருவா?" கட்டணத்தில் பாதி தள்ளுபடி, மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். இல்லாவிட்டால், அடுத்த வருடம் யாருக்கு எந்த வகுப்பு என்பது இன்னும் முடிவாகவில்லை என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அவள் பச்சைக் குழந்தை இல்லை.

ஊரார் நினைப்பதுபோல அவள் மகளை அரசுப் பள்ளியில் போட்டது கஞ்சத்தனத்தால் இல்லை. பணமும் ஒரு காரணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பெரிய காரணம் வேறு. தன் வகுப்பில் தினமும் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுவது, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவது, எழுதியதை மனப்பாடம் செய்வது, செய்ததைப் பரீட்சையில் கொட்டுவது. இன்றைக்கு இந்தப் பக்கம் முடிய வேண்டும் என்றால் முடிந்தே ஆக வேண்டும். வராந்தாவில் மேற்பார்வை மேடம் நடந்துகொண்டே இருப்பார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பெற்றோர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். குவிந்து கிடக்கிற நோட்டுகளையெல்லாம் திருத்தி முடித்த பிறகு கற்றுக்கொடுக்க மனுஷிக்குத் தெம்பு எங்கே இருக்கும்? தான் எடுக்கிற வகுப்பில் தன் பெண்ணை உட்காரவைக்க அவளுக்கே மனசு வரவில்லை.

அரசுப் பள்ளி மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். அந்த டீச்சர் தங்கமான ஆள்தான். பிள்ளைகளைக் கேட்கவிட்டு, பதிலுக்குப் பதில் பேசி, சுவரோரத்து எறும்பு வரிசையை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்திவிடுவார். மகள் வீட்டுக்கு வந்ததும் ஏன், எதற்கு என்று அப்பாவைக் குடைந்தெடுப்பாள். அவரும் வக்கீலம்மா என்று அவளுக்குப் பேர் வைத்திருந்தார். ஆனால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. டீச்சரம்மா மனு கொடுத்தாள், ஆளைப் பார்த்தாள், சண்டை போட்டாள். தாழ்ப்பாள் வந்தது, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் போய்விட்டது. அங்கே போக வேண்டி வருமே என்று பெண் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீரில் கிருமி வந்து, காய்ச்சலில் படுத்தாள். மருத்துவர் டீச்சரம்மாவைத்தான் திட்டினார்.

"ரெண்டையும் உள்ளே இருந்து பார்த்தவ நீ. எது நல்லதுன்னு நீயே சொல்லு" என்றார் கணவர்.

"எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு கேட்கிறீங்க. அங்கே போனா உடம்பு கெடுது, இங்கே வந்தா மூளை கெடுது. ரெண்டும் கெடாம ஒரு இடம் நடத்த இந்த ஊர்ல ஒருத்தருக்கும் துப்பில்லை."

அவர் மேலே ஒன்றும் வாதாடவில்லை. உன் வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். கணக்கில் ஒரு தப்புக்கூட இல்லை. ஆனாலும் அரசுப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகளை ஒரு வகுப்பு இறக்கித்தான் சேர்ப்பார்கள், ஆங்கிலம் போதாதாம். எத்தனையோ பெற்றோரிடம் இதையே டீச்சரம்மா சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள். தன் தலையில் விடிந்தபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா என்று தாளாளர் நியாயம் பேசினார். ஆக, நான்காம் வகுப்பு. அதற்கு இன்னொரு பிரிவும் கிடையாது. எந்த வகுப்புக்குப் பயந்தாளோ அதே வகுப்பு. இங்கே அம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லாரையும்போல மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி மகளைக் கூட்டிப்போனாள்.

முதல் வாரமே வந்தது வினை. பச்சை இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், மகளின் கை உயர்ந்திருக்கிறது.

"மிஸ், ஆபீஸ் ரூம் வாசல்ல தொட்டியில ஒரு செடி இருக்கே, அதுல இலையெல்லாம் சிவப்பாத்தானே இருக்கு. அப்போ அது எப்படி மிஸ் சாப்பாடு செய்யும்?"

வகுப்பே நோட்டிலிருந்து தலையைத் தூக்கியது. கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவன்கூட நிமிர்ந்தான். டீச்சரம்மாவுக்குப் பதில் தெரியும். ஓர் இலையைக் கிள்ளி வந்து வெந்நீரில் போட்டால் போதும், சிவப்புச் சாயம் இறங்கி, அடியில் ஒளிந்திருக்கிற பச்சை வெளியே வந்துவிடும். பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் அன்றைக்கு முடிக்க வேண்டிய பக்கத்தில் பாதி இன்னும் பாக்கி. வராந்தாவில் மேடத்தின் செருப்புச் சத்தம் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றது.

"அது பாடத்துல இல்லை. உட்காரு, போர்டுல இருக்கிறதை எழுது" என்றாள்.

மகள் உட்கார்ந்தாள், எழுதினாள். வீட்டுக்குப் போய்ச் செய்து காட்டலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, போகும்போது டீச்சரம்மா யாருக்கும் தெரியாமல் ஓர் இலையைக் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள். அதுதான் பாடத்தில் இல்லையே என்று மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள். வீட்டுப்பாடம் நிறைய இருந்தது.

குறையே சொல்லக் கூடாது, பெண்ணுக்கு உடம்பு தேறிவிட்டது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். கையெழுத்து முத்துமுத்தாக ஆனது, வகுப்பில் முதலாவதாகவும் வந்தாள். அப்பாவை மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. ஃப்ரிட்ஜைக் கழற்றிப் போட்டு வைத்துக்கொண்டு, இதில் குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவராகக் கேட்டுப் பார்த்தார். தெரியாதுப்பா என்று போய்விட்டாள். வீடு அமைதியாக இருப்பது டீச்சரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது; யார்மேல் எரிந்து விழுவது என்றுதான் தெரியவில்லை.

வருடக் கடைசியில் தாளாளர் ஒரு தம்பதியை வகுப்புக்கே அழைத்து வந்தார். அவர்கள் பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறானாம், இங்கே மாற்றலாமா என்று யோசனையாம். தாளாளர் நேராக மகளைக் காட்டினார். அங்கேயிருந்து வந்த பிள்ளைதான், எங்கள் டீச்சருடைய சொந்தப் பெண், இப்போது முதல் மாணவி என்று பெருமையாகச் சொன்னார்.

வந்த அம்மா குனிந்து, "இந்த ஸ்கூல் உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாள்.

மகள் எழுந்து நின்றாள். முதலில் பலகையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு டீச்சரம்மா பக்கம் திரும்பினாள்.

"மிஸ், இதுக்கு என்ன சொல்லணும்?"

பார்த்தீர்களா, கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவு ஒழுக்கம் என்றார் தாளாளர். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் டீச்சரம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

"பிடிச்சிருக்குன்னு சொல்லு" என்றாள்.

"பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மகள் உட்கார்ந்தாள்.