தொட்டுவிட்டு உள்ளே போகிறவர்

சிவகாசியில் என் பக்கத்து வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒல்லியான ஆள். அவர் சட்டையில் உலோகப் பொத்தான் ஒன்றுகூட இருக்காது. உடம்பில் தங்கும் மின்சாரம் மருந்தைப் பற்றவைத்துவிடும் என்பதால், மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டு அந்த மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். பல வருஷப் பழக்கம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கைக்கு எதையாவது தொட்டாக வேண்டும். வீட்டு வாசலில் இருந்ததோ இரும்பு மின்கம்பம். அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

ஒரு மழை நாளில் அந்தக் கம்பத்தில் உரசிய ஆடு துள்ளி விழுந்து, எழுந்து ஓடியது. கரண்டு ஆபீசுக்குப் போனில் சொல்லிவிட்டு நான் திரும்பினால், அவர் கம்பெனி வேனிலிருந்து இறங்கிக் கையை நீட்டிக்கொண்டே வருகிறார்.

"அண்ணாச்சி, தொடாதீக! கம்பத்துல கரண்டு இறங்குது!"

கை அந்தரத்தில் நின்றது. "அப்ப எப்படிய்யா உள்ள போறது?" என்றார், நிஜமான கவலையோடு.

அவர் மனைவி பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்து வாசலில் நின்று நீட்டினார். "இதத் தொட்டுட்டு வாங்க."

"இதுக்கு எர்த்து எங்கன இருக்கு?"

"நாந்தான் தரையில நிக்கேன்ல!"

தொட்டார். உள்ளே போனார்.

கம்பத்தைச் சரிசெய்த பிறகும் அவர் அதன் பக்கம் போகவில்லை. தாம்பாளம் கதவோரச் சுவரில் நிரந்தரமாக ஏறிவிட்டது. கம்பெனியில் யாருடனாவது சண்டை போட்டு வரும் நாட்களில் மட்டும், அவர் கை அதன்மேல் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும்.