மச்சம் இல்லை என்றாள்

வெள்ளிக்கிழமைகளில் என் அடுப்பில் மச்சம் ஏறாது; மீனுமில்லை, இறைச்சியுமில்லை. ஒஸ்லோவுக்கு வந்தும் அதை நான் விட்டதில்லை. ஆனால் நோர்வேஜிய எழுத்து எனக்கு வாசிக்க வராது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வளர்ந்தவர்களிடம் கேட்டு நிற்கிற வழக்கமும் எனக்கில்லை. கடைச் சாமான்களை மேல்மாடிப் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லி நீட்டுவேன். பிள்ளையிடம் கேட்டால் அது கேட்டதாகாது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தாய் வேலையால் வரும்வரை ஹவுகெட்டோக் குடியிருப்பில், கீழே என் வீட்டில்தான் இருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவளுக்குப் பசிக்குமே என்று வாங்கிய சூப் தூள் பக்கெட்டை நீட்டினேன்.

"இதிலை மச்சம் கிடக்கோ, பார்."

"இல்லை ஆச்சி. மரக்கறிதான்."

கொட்டிக் கொதிக்கவிட்டேன். கோழி மணந்தது. அடுப்பை நிறுத்தினேன். முதலில் கோபம்தான் வந்தது.

"எங்கை எழுதிக் கிடக்கு மரக்கறி எண்டு? விரலை வைச்சுக் காட்டு."

விரல் பக்கெட்டில் ஊர்ந்து, படத்திலிருந்த கரட் கிழங்கில் போய் நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சரியா பிழையா என்று அங்கேதான் தேடினாள். இவ்வளவு நாளும் படத்தையும் என் முகத்தையும் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள் என்று விளங்கியது.

"அம்மாட்டைச் சொல்லாதேங்கோ ஆச்சி. நான் மொக்கு எண்டு தெரிஞ்சுபோடும்."

"ஆர் சொன்னது உனக்கு மூளையில்லையெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மற்றப் பிள்ளையள் கெதியா வாசிக்கினம். எனக்கு எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடுது."

ஒருமுறை ரயில் மாறி ஏறி லில்லெஸ்ட்ரோம் என்ற வேற்றூரில் இறங்கிவிட்டேன். பலகை முழுக்க எழுத்து. யாரிடமும் கேட்க மானம் விடவில்லை. ரயில்கள் வந்து வந்து போயின. நான் ஒன்றிலும் ஏறாமல் நின்றேன். நான் கிழவி, எப்படியோ வீடு சேர்ந்தேன். இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வகுப்பில் அப்படித்தானே நிற்கிறாள்?

சொன்னால் என்னை இனி நம்பமாட்டாள். சொல்லாவிட்டால் அப்படியே வளர்ந்துவிடுவாள். தாய் வந்ததும், பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று சொன்னேன்.

அவள் சிரித்தாள். "என்ன அன்ரி கதைக்கிறீங்கள்? தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலை இவள்தானே முதலாவது."

"நீ சொல்லச் சொல்லப் பாடமாக்கினவள். தாளைப் பார்த்தவளோ?"

சிரிப்பு நின்றது. மேசையில் கிடந்த விளம்பரத்தாளை எடுத்துப் பிள்ளையின் முன்னால் பிடித்தாள். "வாசி, பாப்பம்."

பிள்ளையின் உதடு துடித்தது.

"வை அதை," என்றேன். "என்ரை முன்னாலை சோதிக்காதை. திங்கட்கிழமை டீச்சரோடை போய்க் கதை. அவைக்கு இதுக்கு வழி தெரியும்."

"வீட்டிலை தமிழ் கதைக்கிறதாலைதான் இப்பிடி எண்டு சொல்லுவினமோ, அன்ரி?" அவளுடைய குரல் தணிந்துவிட்டது.

"என்னத்தையும் சொல்லட்டும். போய்க் கேள்."

பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலில் சப்பாத்தைப் போட்டாள். "போட்டு வாறன் ஆச்சி" என்று சொல்லவில்லை. கதவு சாத்திய பிறகும், படியில் தாயின் குரல் உயருமோ என்று காது கொடுத்தபடி நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. இப்படிச் சத்தமில்லாமல் போவதைவிடத் தாய் ஏசினாலும் பரவாயில்லை என்றிருந்தது.