செம்புத் தகட்டுக்குச் சந்தனப் பொட்டு

எங்க பட்டாசு கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள போறவுக, வாசல்ல இருக்குற செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும். பாதிப்பேர் மறந்துருவாக.

இன்னைக்குக் காலையில ஒரு பேராசிரியர் வந்து எல்லாருக்கும் விளக்கினார். "உடம்புல சேர்ற மின்சாரத்தை இது மண்ணுக்கு இறக்கிரும். இல்லாட்டி ஒரு பொறி போதும்."

மத்தியானம் பார்த்தா, தகடு முழுக்க சந்தனம், குங்குமம்!

"என்னக்கா இது?"ன்னு அங்க வேலை பாக்குற மாரியக்காகிட்ட கேட்டேன்.

"இதுக்கு இம்புட்டு சக்தி இருக்குன்னு இத்தன நாளா யாரும் சொல்லலியே தம்பி!"

சந்தனம் அப்பியிருந்தா மின்சாரம் எப்படி இறங்கும்? சூப்பர்வைசர் நான்தானே, பதறிப்போய்த் துடைச்சேன். துடைச்ச கை தானா கண்ணுல ஒத்திக்கிச்சு.

சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர்கூட தகட்டைத் தொட மறக்கலை.

இப்ப பேராசிரியர் ஜெயிச்சாரா, தோத்தாரா? புரிஞ்சவுக சொல்லுங்க.